நரிக்கதைக்கும் பெரியவர்கள் நாவலுக்கும் நடுவே

கேள்வி: நான் மானாமதுரைப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி முடித்துவிட்டேன். கையில் முழு விடுமுறை இருக்கிறது. எங்கள் கிளை நூலகத்தில் சிறுவர் அலமாரிக்குப் போனால் நரிக்கதையும் தெனாலிராமனும்தான் இருக்கின்றன. பெரியவர்கள் அலமாரிக்குப் போனால் நூலகர் அண்ணன் “இது உனக்கு வேண்டாம்மா” என்கிறார். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் படித்துவிட்டேன். சித்தி வீட்டிலிருந்து மாத நாவல்கள் கொண்டுவந்து படித்தேன். அம்மா பிடுங்கி வைத்துவிட்டார். “படிப்பதென்றால் உருப்படியானதைப் படி” என்கிறார். என் வயதுப் பெண்ணைப் பற்றித் தமிழில் நாவல் இருக்கிறதா? புதிதாக என்ன வந்திருக்கிறது? ஆங்கிலத்திலும் படிக்க ஆசை. ஆனால் நான் தமிழ் வழியில் படித்தவள். ஒரு பக்கத்துக்குப் பத்து முறை அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கிறது. இன்னொன்று: நானும் ஒரு நாவல் எழுதத் தொடங்கி 22 பக்கம் வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

பதில்:

அன்பு மகளுக்கு,

இருக்கிறது. உன் வயதுப் பெண்களையும் பையன்களையும் பற்றித் தமிழில் நாவல்கள் இருக்கின்றன, புதிதாகவும் வந்துகொண்டிருக்கின்றன. அவை உன் கண்ணில் படாதது உன் குறை இல்லை.

“இது உனக்கு வேண்டாம்மா” என்று நானும் சொல்லியிருக்கிறேன். 26 ஆண்டுகளாக நூலக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அதில் முதல் பத்து ஆண்டுகள், உன் வயதுப் பிள்ளைகள் பெரியவர்கள் அலமாரிப் பக்கம் ஒதுங்கினால் திருப்பி அனுப்புவதைக் கடமை என்றே நினைத்திருந்தேன். அப்படி அனுப்பிய பிள்ளைகள் சிறுவர் பகுதிக்குத் திரும்பிப் போகவில்லை. நூலகத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். அதைக் கவனிக்க எனக்கு இத்தனை காலம் பிடித்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

நூலகத் துறைக்கு வருகிறவர்களுக்கு முதல் பாடமே சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்துத் தந்த ஐந்து விதிகள்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. இரண்டையும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் 15 வயது வாசகருக்கு ‘உரிய நூல்’ என்று ஒன்று உண்டா என்று யோசித்ததே இல்லை. நானே அம்புலிமாமாவிலிருந்து ஒரே தாவலில் வார இதழ்த் தொடர்கதைகளுக்குப் போனவள். நடுவில் ஒரு படி இருக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த நடுப்படியைத் தமிழில் இப்போது இளையோர் நாவல் என்றும் பதின்பருவ நூல் என்றும் சொல்கிறார்கள். புத்தகக் காட்சிக்குப் போனால் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேள்.

உன் ஊரை வைத்தே தொடங்குகிறேன். உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’யை எடு. 2023ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்ற நாவல். விடுமுறைக்குக் கீழடிக்குப் போகும் ஒரு பையன் காலத்தைத் தாண்டிச் சென்று ஆதன் என்ற சிறுவனைச் சந்திக்கிறான். ஆதன் என்பது சும்மா வைத்த பெயர் இல்லை. கீழடியில் கிடைத்த பானையோட்டில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கும் பெயர். நீ இருக்கும் இடத்திலிருந்து கீழடி ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரம். மண்பாண்டத்துக்கும் கடத்துக்கும் பெயர்போன ஊர் உன்னுடையது. 2,600 ஆண்டுகளுக்கு முன் பானை செய்தவர்களைப் பற்றிப் படிக்க உன்னைவிடப் பொருத்தமான ஆள் யார்? படித்து முடித்ததும் அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வா. உனக்கு இந்தப் புத்தகம் ஒரு மாலைப் பொழுதுக்குக்கூடத் தாங்காது. உன்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவர்களை மனத்தில் வைத்து எழுதியது. இருந்தாலும் முதலில் இதைச் சொல்வதற்குக் காரணம், உன் பக்கத்து ஊர் ஒரு நாவலுக்குள் இருப்பதைப் பார்க்கும்போது உனக்குள் என்ன நடக்கிறது என்று நீ கவனிக்க வேண்டும் என்பதுதான்.

அடுத்த புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, 2020இல் அதே விருது பெற்றது. ஒரு சிறுமியின் கையில் இருக்கும் மரப்பாச்சிப் பொம்மை அவளோடு பேசுகிறது. பேசும் பொம்மை என்றதும் சின்னப்பிள்ளைக் கதை என்று நினைத்துவிடாதே. பிள்ளைகளைத் தொடக்கூடாத விதத்தில் தொடும் பெரியவர்களைப் பற்றிய நாவல் அது. வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றைப் பொம்மையிடம் சொல்லலாம், பிறகு பொம்மை கொடுத்த தைரியத்தில் மனிதர்களிடமும் சொல்லலாம் என்பதை மிரட்டாமல் சொல்லியிருக்கிறார்.

எங்கள் நூலகத்தில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இதை எடுத்துப் போனாள். இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்து, மறுபடியும் அதையே பதிந்து தரச் சொன்னாள். பிறகு மூன்றாவது முறையும். பிடித்த புத்தகம் போலிருக்கிறது என்று எண்ணி, சிரித்துக்கொண்டே முத்திரை குத்திக் கொடுத்தேன். நான்காவது முறை அவள் அதைத் திருப்பித் தரும்போது முகத்தைப் பார்த்தேன். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் திகைத்து நின்றேன். அவள் போய்விட்டாள். அந்தக் குடும்பம் வேறு ஊருக்கு மாறிப்போனதாகப் பிறகு அறிந்தேன். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று நான் நின்றிருக்கக் கூடாது. இப்போது எங்கள் நூலகத்தில் அந்த நாவலின் பின்னட்டை உட்புறத்தில் 1098 என்ற எண்ணை எழுதிய சிறு தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். சிறுவர் உதவி எண். இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், காசு கிடையாது. உனக்குத் தேவைப்படாமல் இருக்கட்டும். உன் வகுப்பில் யாருக்காவது தேவைப்படலாம்; மனப்பாடம் செய்து வைத்துக்கொள்.

விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’ மிகச் சிறிய நூல். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் சாதியைக் காட்ட மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வண்ணக் கயிறு என்ன சொல்கிறது என்பதுதான் அதன் விஷயம். தென் மாவட்டத்தில் படித்த உனக்கு அதை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கை, மாணவர்கள் இப்படிக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. அறிக்கையைப் பெரியவர்கள் படிப்பார்கள். கட்டியிருக்கும் கையை அசைத்துப் பார்க்க வைப்பதற்குக் கதை வேண்டும். இவருடைய ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வுக்கு 2025இல் பால சாகித்திய விருது கிடைத்திருக்கிறது, அதையும் தேடிப் பார்.

இரா. நடராசனின் ‘ஆயிஷா’ புதியது அல்ல. ஆனாலும் உன்னிடம் அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு பள்ளி மாணவியைப் பற்றி அவளுடைய அறிவியல் ஆசிரியை சொல்வதாக அமைந்த குறுநாவல். கேள்வி கேட்டதற்காக அந்தப் பெண் அடி வாங்குகிறாள். அடி வலிக்காமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்று தன் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கிறாள். முடிவு கடுமையானது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இரவில் தனியாகப் படிக்காதே. படித்த மறுநாள் யாரிடமாவது அதைப் பற்றிப் பேசு. இதைப் படித்துவிட்டு வகுப்பில் பிரம்பைக் கீழே வைத்ததாக என்னிடம் சொன்ன ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் மனக்குறையையும் சொல்ல வேண்டும். தமிழில் இளையோருக்காக என்றே எழுதப்படுபவை பெரும்பாலும் மெலிந்த நூல்கள். எழுதுகிறவர்கள் உண்மையான அக்கறையோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் பல நூல்களில் ஒரு செய்தியைச் சொல்லி முடிப்பதற்கான அவசரம் தெரிகிறது. பத்து ஆண்டுகள் ஒன்றாக இருந்த தோழி ஒரே வாரத்தில் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கண்ணாடியில் பார்க்கும்போது தன் முகம் தனக்கே ஏன் பிடிக்கவில்லை, ஒருவனைப் பார்த்தால் ஏன் பேச்சு வரவில்லை, அப்பாவின் குடியைப் பற்றி வகுப்பில் யாருக்கும் தெரியாமல் எப்படிக் காப்பது, இதையெல்லாம் 300 பக்கத்துக்கு விரித்து, முடிவில் யாருக்கும் புத்தி சொல்லாமல் எழுதிய தமிழ் இளையோர் நாவலுக்காக நானும் காத்திருக்கிறேன். ‘பொன்னியின் செல்வ’னில் ஐந்து பாகம் நீந்தியவளுக்கு 80 பக்கம் தாகம் தீர்க்காது என்று எனக்குத் தெரியும்.

ஆகவே உன்னைப் பெரியவர்கள் அலமாரிக்கும் அனுப்புகிறேன். எதை எடுப்பது என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’. செகந்தராபாத்தில் ரயில்வே குடியிருப்பில் வாழும் தமிழ்ப் பையன் சந்திரசேகரன். அவனுக்குக் கிரிக்கெட் தெரியும், கல்லூரிக்குப் போகத் தெரியும், வீட்டு மாட்டைத் தேடிப் போகத் தெரியும். அவனைச் சுற்றி நிஜாமின் ஆட்சி ஆட்டம் காண்கிறது. இந்தியா விடுதலை அடைந்த பிறகும் ஹைதராபாத் சேராமல் நின்ற அந்த ஓராண்டு. அவனுக்குப் பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. உன் வயதில் உலகம் அப்படித்தானே இருக்கிறது? கடைசிக் காட்சி உன்னை உலுக்கிவிடும். கலவரத்தின் நடுவே தன் வீட்டாரைக் காப்பாற்ற ஒரு பெண் செய்யத் துணிவது அது. அதை 15 வயதில் படிக்கலாமா என்று என்னிடம் கேட்டால், படிக்கலாம் என்றுதான் சொல்வேன். அசோகமித்திரன் அந்தக் காட்சியில் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. பையன் ஓடுகிறான், வாசகரும் அவனோடு ஓட வேண்டியிருக்கிறது.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’, 2000இல் வந்தது. பண்ணையத்துக்கு விடப்பட்டு ஆடு மேய்க்கும் கூளையனும் அவனோடு மேய்க்கிற பிள்ளைகளும். பள்ளிக்கூடமே இல்லாத பிள்ளைப் பருவம். கொங்கு வட்டாரச் சொற்கள் முதல் 20 பக்கம் உன்னைத் தடுக்கும். விட்டுவிடாதே, அதற்குப் பிறகு மேட்டுக்காடும் பனைமரமும் தாமாகவே உன்னை இழுத்துக்கொண்டு போய்விடும்.

மொழிபெயர்ப்பில் உனக்கென்றே எடுத்து வைத்திருப்பது சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’. கிர்கிஸ் நாட்டு மலைக் கிராமம், சென்ற நூற்றாண்டின் இருபதுகள். பெரிதாகப் படிப்பில்லாத ஓர் இளைஞன் பழைய குதிரைக் கொட்டிலைக் கழுவிப் பள்ளிக்கூடம் ஆக்குகிறான். அல்த்தினாய் என்ற அனாதைச் சிறுமி அங்கே எழுத்துக் கற்கிறாள். ஏறக்குறைய உன் வயதில் அவளைச் சித்தி ஒருவனுக்கு இரண்டாந்தாரமாகத் தள்ளிவிடுகிறாள். பிறகு என்ன ஆயிற்று என்று நான் சொல்லப் போவதில்லை. மெல்லிய புத்தகம்தான், ஆனால் நான் மேலே சொன்ன குறை இதில் இல்லை. இவ்வளவு சிறிய இடத்தில் ஒரு முழு வாழ்க்கையை அடக்கியிருக்கிறார். இதுவரை நான் யாருக்கெல்லாம் இதைக் கொடுத்தேனோ அவர்களில் ஒருவர்கூடப் பாதியில் திருப்பித் தந்ததில்லை.

படக்கதை பிடிக்கும் என்றால் மர்ஜானே சத்ரபியின் ‘ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை’ தமிழில் கிடைக்கிறது. 1980இல், பத்து வயதில், பள்ளியில் திடீரென்று முக்காடு கட்டாயமாக்கப்படுவதில் தொடங்குகிறது. கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம். சிறையும் போரும் வரும். படக்கதை என்பதற்காகச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதே. ஹார்ப்பர் லீயின் ‘பாடும் பறவையின் மௌனம்’ இன்னும் பெரியது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், செய்யாத குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்படும் கறுப்பின மனிதருக்காக வாதாடும் வழக்கறிஞரின் மகள் சொல்லும் கதை. குற்றச்சாட்டு பாலியல் வன்முறை பற்றியது என்பதைத் தெரிந்துகொண்டு எடு. முதல் நூறு பக்கம் மெதுவாக நகரும்; கோடை விடுமுறை போல.

இனி உன் அம்மா விஷயம்.

மாத நாவல் படித்ததற்காக நீ வெட்கப்பட வேண்டியதில்லை. நானும் படித்தேன். ஒரு கதையை ஒரே மூச்சில் படித்து முடிக்கும் பழக்கத்தை எனக்குக் கொடுத்ததே அவைதான். ஆனால் பிடுங்கி வைத்த அம்மாவின் பயத்தையும் நீ புரிந்துகொள்ள வேண்டும். மகள் கையில் இருக்கும் புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாதது எல்லாம் பெரிதாகத் தெரிகிறது. காதல் என்ற சொல்லே இல்லாத புத்தகத்தைத்தான் உருப்படி என்று அவர் நினைக்கிறார் என்றால், உன் தமிழ்ப் பாடநூலில் குறுந்தொகை எதற்காக இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டுப் பார். அதில் இருக்கும் நானூறு பாட்டும் காதல்தான். சங்கப் பாடல்களில் பாதிக்கு மேல் அகம். அதைப் பள்ளியில் படித்துத்தான் நீ மதிப்பெண் வாங்கியிருக்கிறாய்.

ஒளித்துப் படிக்காதே. ஒளிப்பது புத்தகத்தைக் குற்றமாக்கிவிடும். ‘முதல் ஆசிரிய’ரைக் கொண்டுவந்து, அம்மா பூ கட்டும்போதோ அரிசி புடைக்கும்போதோ பக்கத்தில் உட்கார்ந்து முதல் பத்துப் பக்கத்தைச் சத்தமாகப் படி. கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. எங்கள் நூலகத்தில் ஓர் அம்மா, மகள் கொண்டுபோன நாவலோடு சண்டைக்கு வந்தார். “நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்கள்” என்று அவரிடமே கொடுத்தேன். ஒரு வாரத்தில் முழுதும் படித்துவிட்டு வந்து, அப்போதும் “வேண்டாம்” என்றுதான் சொன்னார். ஆனால் எந்தப் பக்கத்துக்காக வேண்டாம் என்று விரித்துக் காட்டினார். “அந்தப் பக்கம் இல்லாவிட்டால் கதையே இல்லை அம்மா” என்று மகள் வாதாடினாள். அரைமணி நேரம் இருவரும் என் மேசை முன்னால் நின்று மல்லுக்கு நின்றார்கள். யார் வென்றார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு நாவலுக்காக அம்மாவும் மகளும் சண்டை போட்டதை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது எனக்கு.

ஆங்கிலம். பத்து முறை அகராதி பார்ப்பவள் முதலிலேயே 400 பக்க நாவலை எடுத்தால் ஆங்கிலத்தின் மேல் வெறுப்புத்தான் வரும். உனக்கு ஒரு வழி இருக்கிறது. இளையோருக்காகக் கவிதை வடிவிலேயே முழு நாவல் எழுதும் வழக்கம் ஆங்கிலத்தில் இப்போது வேர் பிடித்திருக்கிறது. குட்டிக் குட்டி வரிகள், பக்கத்தில் பாதி வெள்ளையாக இருக்கும், ஒரு கவிதைக்கும் அடுத்ததற்கும் இடையில் மூச்சு வாங்கலாம். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இந்த வாசல் வழியாக உள்ளே போய் அங்கேயே தங்கிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அதில் முதலாவது, சென்னையில் பிறந்து கடலியல் அறிஞராக இருந்து எழுத்தாளரான பத்மா வெங்கட்ராமனின் ‘எ டைம் டு டான்ஸ்’, 2014. சென்னையில் பரதம் ஆடும் வேதா என்ற பெண், ஒரு விபத்தில் முழங்காலுக்குக் கீழே காலை இழக்கிறாள். பாட்டி, கோயில், சலங்கை, ஜதி எல்லாம் உனக்குத் தெரிந்தவை என்பதால் பாதி அகராதி உன் தலைக்குள்ளேயே இருக்கிறது. கைதட்டலுக்காக ஆடியவள் செயற்கைக் காலோடு மறுபடி அடவுக்குத் திரும்பும்போது எதற்காக ஆடுகிறாள் என்பது மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தைச் சொல்லும் பக்கங்களை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அவருடைய ‘கிளைம்பிங் த ஸ்டேர்ஸ்’ உரைநடை நாவல், 2008. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941. 15 வயது வித்யாவின் அப்பா ஆங்கிலேய போலீஸின் அடியில் மூளை பாதிக்கப்பட, பம்பாயிலிருந்து சென்னையில் தாத்தாவின் கூட்டுக் குடும்பத்துக்கு வருகிறார்கள். அந்த வீட்டில் பெண்கள் கீழே, ஆண்கள் மாடியில். மாடியில்தான் புத்தக அறை இருக்கிறது. “உனக்கு வேண்டாம்மா” என்று கேட்டுப் பழகிய உனக்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்?

இரண்டாவதாக எலிசபெத் அசெவெடோவின் ‘த பொயட் எக்ஸ்’, 2018. அமெரிக்காவின் தேசிய புத்தக விருது பெற்றது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், டொமினிக்கன் குடியேறிகளின் வீட்டில் வளரும் 15 வயது ஸியோமாரா, யாருக்கும் காட்டாத நோட்டில் கவிதை எழுதுகிறாள். அம்மா கடும் பக்தி உள்ளவர். அந்த நோட்டு அம்மா கையில் சிக்கும் அத்தியாயத்தை நீ எப்படித் தாங்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. காதல் உண்டு, தெருவில் பெண் உடம்பைப் பற்றிப் பேசும் வாய்கள் உண்டு, கடவுளோடு சண்டையும் உண்டு. இதை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படி. உரைநடையே வேண்டும், எளிதாகவும் வேண்டும் என்றால், சென்னைப் பெண்ணின் நாட்குறிப்பாக நிவேதிதா சுப்பிரமணியமும் சௌம்யா ராஜேந்திரனும் சேர்ந்து எழுதிய ‘மயில் வில் நாட் பி கொயட்’ இருக்கிறது. மயில் உன்னைவிட இளையவள். ஆனால் வாய் பெரிது.

அகராதியை ஒரு பக்கத்துக்கு இரண்டு முறைக்கு மேல் திறக்காதே. மற்ற சொற்கள் மூன்றாவது முறை வரும்போது தானே பொருள் சொல்லும்.

எங்கே கிடைக்கும்? உன் நூலகர் அண்ணனிடம் நூலின் பெயரையும் எழுத்தாளர் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடு. வாயால் கேட்டால் மறந்துபோகும். எழுதிய தாள் மேசையில் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கும், நான் அனுபவத்தில் சொல்கிறேன். இந்தப் பதிலையும் அவரிடம் காட்டலாம். மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் உனக்கு எட்டும் தூரம்தான். விடுமுறையில் ஒரு நாள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போ. நாள் முழுதும் உட்கார்ந்து படிக்கலாம், யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். தமிழ் நூல்களில் ‘கயிறு’, ‘ஆயிஷா’ போன்றவை மிகக் குறைந்த விலை. பஸ் செலவுக்கு ஆகும் காசில் வாங்கிவிடலாம்.

எதையாவது எடுத்து 30 பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் மூடி வைத்துவிடு. நான் சொன்னேன் என்பதற்காகப் படிக்காதே. என் பட்டியலில் உனக்குப் பிடிக்காதது எது என்று தெரிந்தால் அடுத்து என்ன கொடுப்பது என்று எனக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

கடைசியாக உன் 22 பக்கம்.

யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய், என்னிடம் சொல்லிவிட்டாய். சந்தோஷம். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில், எஸ். இ. ஹின்டன் என்ற பெண் உன் வயதில் ஒரு நாவல் எழுத ஆரம்பித்தார். தன் பள்ளியில் தான் பார்த்த பையன்களைப் பற்றி யாருமே எழுதவில்லையே என்ற ஆற்றாமையில் எழுதினார். ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967இல் வெளிவந்தபோது அவருக்கு 18 வயது. ஆங்கிலத்தில் இளையோர் நாவல் என்ற தனி அலமாரி உருவானதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தப் புத்தகத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதில் வருவது அவர் நடந்த தெருக்கள்.

உன் பக்கங்களை இப்போது யாருக்கும் காட்ட வேண்டாம். எனக்கும் அனுப்ப வேண்டாம். முதலில் எழுதி முடி. ஆனால் ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. உன் கதை எந்த ஊரில் நடக்கிறது? அடுத்த கடிதத்தில் அதை எழுது.